பொழுது சாயும் முன் எங்கே நிறுத்துவது? மெல்பர்ன் – அடிலெய்டு கேம்பர்வேன் பயணம்: ஒரு நிகழ்வு ஆய்வு

மெல்பர்னிலிருந்து அடிலெய்டுக்கு உள்நாட்டு நெடுஞ்சாலையில் போனால் ஏறத்தாழ 730 கிலோமீட்டர். விடியற்காலையில் கிளம்பினால் மாலைக் காப்பிக்கு அங்கே இருக்கலாம். கடலோரமாகப் போனால் ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டும். முதலில் கிரேட் ஓஷன் ரோடு, பிறகு விக்டோரியாவின் தென்மேற்கு மூலை, மாநில எல்லை தாண்டி மவுன்ட் கேம்பியர், ரோப், கூரோங் உப்பங்கழி, கடைசியாக மர்ரே ஆறு. ஏப்ரல் மாதத் தொடக்கத்தில், கல்லூரிக் காலத்து நண்பர்கள் நான்கு பேர் இந்தக் கடலோர வழியில் ஒரு வாடகைக் கேம்பர்வேனில் போனோம்.

வழியில் பார்த்தவற்றைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நாங்கள் போட்ட திட்டம் எந்த இடத்தில் தாக்குப்பிடிக்காமல் போனது, ஏன் போனது, மாற்றிய பிறகு பயணம் எப்படி நடந்தது என்பதையே இங்கே பதிவு செய்கிறேன். இதே வழியில் போக நண்பர்கள் கூடிப் பேசும்போது பேச்சு பெரும்பாலும் எதைப் பார்க்கலாம் என்பதிலேயே நின்றுவிடுகிறது. இரவு எங்கே, எத்தனை மணிக்குள் வண்டியை நிறுத்துவது என்பதுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பது இந்தப் பயணத்தில் எனக்கு உறுதியானது.

குழுவும் வண்டியும்

நான்கு பேரில் இரண்டு பேர் மெல்பர்னில் வேலை பார்ப்பவர்கள். ஒருவன் சிங்கப்பூரிலிருந்தும் இன்னொருவன் கோயம்புத்தூரிலிருந்தும் வந்தார்கள். ஆஸ்திரேலியாவிலும் நம்மூர் போல இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங் வலப்பக்கம். அதனால் கோவை நண்பனுக்குச் சாலைப் பழக்கம் மாறவில்லை, வண்டியின் அளவுதான் புதிது. சாதாரண கார் உரிமத்திலேயே 4.5 டன் வரையுள்ள வண்டியை ஓட்டலாம் என்பதால் தனி உரிமம் தேவைப்படவில்லை. அவனுடைய தமிழ்நாட்டு உரிமம் ஆங்கிலத்தில் இருந்தாலும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் எடுத்து வந்திருந்தான். வண்டி எடுக்கும்போது இரண்டையும் கேட்டார்கள்.

வண்டி நான்கு பேர் படுக்கக்கூடிய டீசல் வேன். அடுப்பு, தொட்டி, சின்ன ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் உள்ளேயே. உயரம் மூன்று மீட்டருக்கு மேல். அந்த உயரத்தை ஒரு சீட்டில் பெரிதாக எழுதி ஓட்டுநர் கண்ணெதிரே ஒட்டி வைத்தோம். இது சின்ன வேலைதான், ஆனால் கட்டாயம் செய்ய வேண்டியது. காரில் பழகியவர்களுக்குத் தலைக்கு மேலே இன்னும் ஒன்றரை மீட்டர் வண்டி இருப்பது நினைவில் நிற்காது. கடை வாசல் கூரையும், காட்டுச் சாலையில் தாழ்ந்து நிற்கும் கிளையும், பல அடுக்கு வாகன நிறுத்தங்களின் உத்தரமும் காத்திருக்கும். கூரையில் பட்ட அடி பெரும்பாலான வாடகைக் காப்பீடுகளில் சேராது.

ஒப்பந்தத்தை வண்டி எடுக்கும் முன்பே நான்கு பேரும் உட்கார்ந்து படித்தோம். அதில் நான்கு விதிகள் எங்களுக்கு முக்கியமாகப் பட்டன. ஊர் எல்லைக்கு வெளியே பொழுது சாய்ந்த பிறகு ஓட்டினால் காப்பீடு கிடையாது. தார் போடாத சாலையில், முகாம் இடத்துக்குப் போகும் குறுகிய பாதை தவிர, போகக் கூடாது. கூரைக்கும் அடிப்பகுதிக்கும் ஆகும் சேதம் நம் பொறுப்பு. கடற்கரை மணலிலோ தண்ணீரிலோ இறக்கக் கூடாது. இதில் முதல் விதியை ஒரு சட்டச் சடங்காக மட்டும் பார்க்கக் கூடாது. கங்காருக்களும், அவற்றைவிடச் சிறிய உறவினமான வாலபிகளும் அந்தியிலும் விடியலிலும்தான் மேய வரும். வெளிச்சம் கண்ட கங்காரு எந்தப் பக்கம் தாவும் என்று சொல்ல முடியாது. மூன்று டன் எடையுள்ள வேனை வளைவில் சட்டென்று ஒடிப்பது அதைவிட ஆபத்து.

இன்னொன்று: வண்டிக்குள் பெட்டி வைக்க இடம் கிடையாது. கெட்டியான சூட்கேஸ்களை மெல்பர்ன் வீட்டிலேயே விட்டுவிட்டு, மடங்கும் துணிப்பைகளில் சாமான்களை மாற்றிக்கொண்டோம்.

காகிதத்தில் இருந்த திட்டம்

திட்டத்தை எக்செல்லில் போட்டது சிங்கப்பூர் நண்பன். ஒவ்வொரு நாளுக்கும் பார்க்க வேண்டிய இடங்கள், அவற்றுக்கிடையே தூரம், வரைபடம் காட்டும் நேரம், கடைசிப் பத்தியில் தங்கும் ஊர். எந்த நாளிலும் ஓட்ட வேண்டிய தூரம் 250 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. பார்த்தவுடன் எல்லாருக்கும் சரி என்றே பட்டது. சென்னையிலிருந்து திருச்சி போவதைவிடக் குறைவு, நாள் முழுக்க இருக்கிறதே என்று தோன்றுவது இயல்பு.

அந்தக் கணக்கில் வராதவை மூன்று. வரைபடம் காட்டும் நேரம் காருக்கானது. வேனுக்கு வளைவுச் சாலையில் அதைவிட நேரம் கூடும். கேரவன் பார்க்கில் (இப்படிப்பட்ட வேன்கள் கட்டணம் கொடுத்து இரவு நிற்கும் இடம்) காலையில் கிளம்புவது ஒரு வேலை: படுக்கையை மடித்து மேசையாக்கி, தண்ணீர் நிரப்பி, கரன்ட் கம்பியைச் சுருட்டி, கேஸை மூடி, அலமாரிக் கதவுகளைப் பூட்டிக் கிளம்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. மூன்றாவது, நண்பர்கள் நான்கு பேர் ஒரு காட்சிமேடையில் இறங்கினால் பத்து நிமிடத்தில் ஏற மாட்டார்கள். ஏறவும் கூடாது, அதற்குத்தானே வந்தது.

டார்க்கியிலிருந்து அப்பல்லோ பே வரை

கிரேட் ஓஷன் ரோடு டார்க்கியில் தொடங்கி வார்னம்பூலுக்கு அருகே அலன்ஸ்ஃபோர்டு வரை 243 கிலோமீட்டர். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய ஏறத்தாழ 3,000 வீரர்கள் 1919 முதல் 1932 வரை, பெரும்பாலும் கடப்பாரையும் மண்வெட்டியும் வெடிமருந்தும் கொண்டு, பாறையைக் குடைந்து போட்டது. போரில் இறந்த தோழர்களின் நினைவாகவே போட்டார்கள். ஈஸ்டர்ன் வியூ என்ற இடத்தில் சாலைக்குக் குறுக்கே நிற்கும் மர வளைவைக் கடக்கும்போது, அதன் கீழே படமெடுப்பவர்கள் பக்கத்திலுள்ள உழைப்பாளிகளின் சிலையையும் ஒரு நிமிடம் நின்று பார்க்கலாம் என்பேன்.

கிழக்கிலிருந்து மேற்காகப் போவது சரியான முடிவு. இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் அந்தத் திசையில் போனால் கடல் நம் பக்கத்திலேயே வரும். காட்சிமேடைகளுக்கு எதிர்ச்சாரியை வெட்டிக் கடக்காமல் ஒதுங்கிவிடலாம். எதிர்த்திசையில் வருபவர்கள் ஒவ்வொரு முறையும் வளைவில் எதிர் வண்டிக்குக் காத்து நின்று திரும்ப வேண்டும்.

லார்னிலிருந்து அப்பல்லோ பேவுக்கு 45 கிலோமீட்டர்தான். ஆனால் ஒரு பக்கம் மலை, மறு பக்கம் கடல், இடையில் ஓயாத வளைவு. பின்னிருக்கையில் இருந்த சிங்கப்பூர் நண்பனுக்குத் தலை சுற்றியது. முன்னிருக்கைக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. பின்னால் வண்டிகள் சேரச் சேர, மெதுவான வாகனங்கள் ஒதுங்குவதற்கென்று விட்டிருக்கும் இடங்களில் ஒதுங்கி வழி விட்டோம். வாடகை வேன்கள் மேல் உள்ளூர்க்காரர்களுக்கு இருக்கும் மனக்குறை பெரும்பாலும் இதில்தான். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது தினசரிச் சாலை.

வழியில் வை ரிவர் என்ற சின்ன ஊர். 2015 கிறிஸ்துமஸ் நாளில் வந்த காட்டுத்தீயில் அங்கும் பக்கத்து செபரேஷன் கிரீக்கிலும் 116 வீடுகள் எரிந்தன. முன்கூட்டியே மக்களை வெளியேற்றியதால் உயிர்ச்சேதம் இல்லை. உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே சாலைதான் இருக்கிற ஊரில் தீ வந்தால் என்ன ஆகும் என்பதை அந்த இடத்தில் நின்று பார்த்தால்தான் புரியும். கோடையில் இந்த வழியில் வருகிறவர்கள் தினமும் காலையில் அவசர எச்சரிக்கைகளைத் தரும் விக்எமர்ஜென்சி செயலியைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். முழுத் தீத்தடை அறிவித்த நாளில் விறகு மூட்டவே கூடாது. கேஸ் அடுப்பை வெளியே வைத்துச் சமைப்பதற்கும் சுற்றிலும் மூன்று மீட்டர் சுத்தமான இடம், கையெட்டும் தூரத்தில் பத்து லிட்டர் தண்ணீர் என்று நிபந்தனைகள் உண்டு.

பன்னிரு அப்போஸ்தலர்களிடம் திட்டம் நின்ற மாலை

திட்டப்படி மறுநாள் அப்பல்லோ பேயில் கிளம்பி, கேப் ஆட்வே, கடலில் தூண்களாக நிற்கும் பன்னிரு அப்போஸ்தலர்கள் பாறைகள், லாக் ஆர்டு கார்ஜ் எல்லாம் பார்த்துவிட்டு வார்னம்பூலில் இரவு தங்க வேண்டும். அங்கே இடம் பதிவு செய்து பணமும் கட்டியாகிவிட்டது.

கேப் ஆட்வே கலங்கரை விளக்கம் பிரதான சாலையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் உள்ளே. 1848 முதல் விளக்கேற்றிய இடம். தெற்கே பாஸ் ஜலசந்தி. அந்தக் காலத்தில் இங்கிலாந்திலிருந்து மாதக்கணக்கில் வந்த கப்பல்களுக்குக் கண்ணில் படும் முதல் வெளிச்சம் இது. அதைத் தவறவிட்டவற்றின் கதையும் இதே கரையில்தான் இருக்கிறது: 1878 ஜூன் 1ஆம் தேதி லாக் ஆர்டு என்ற கப்பல் மோதி உடைந்தபோது, அதிலிருந்த 54 பேரில் பிழைத்தவர்கள் இருவர். இருவருமே பதின்பருவத்தைத் தாண்டாதவர்கள். எங்கள் நால்வரில் சமையல்காரனாக இருந்தவனுக்கு இந்த வரலாற்றில் ஆர்வம் அதிகம், அங்கிருந்து அவனைக் கிளப்பவே முடியவில்லை. பிறகு ஆட்வே மழைக்காட்டின் வளைவுகள், லேவர்ஸ் ஹில்லில் மதியச் சாப்பாடு. அப்போஸ்தலர்கள் காட்சிமேடைக்கு வந்து சேர்ந்தபோது மாலை ஆறு தாண்டிவிட்டது.

அந்த வாரத்தில் அங்கே சூரியன் மறைவது ஏழேகாலுக்கு. வார்னம்பூல் இன்னும் எழுபது கிலோமீட்டருக்கு மேல், ஒரு மணி நேரத்துக்குக் குறையாத ஓட்டம். உடனே கிளம்பினால்கூட அந்தியில்தான் போய்ச் சேர்வோம். நின்று சூரிய அஸ்தமனம் பார்த்தால் முழு இருட்டில் போக வேண்டும்.

"டேய், எழுபது கிலோமீட்டர்தானடா. மெதுவா உருட்டிட்டுப் போனா போய்டலாம்" என்றான் கோவை நண்பன்.

"கங்காரு வந்து மோதுச்சுன்னா வண்டிக்கு யாரு காசு கட்டறது? வண்டிய விடு, நாம என்ன ஆவோம்?" என்றான் ஓட்டிக்கொண்டிருந்தவன்.

இரண்டு பேர் சொன்னதிலும் அர்த்தம் இருந்தது. வார்னம்பூலில் கட்டிய பணம் போகும். அஸ்தமனம் பார்க்கத்தான் இத்தனை தூரம் வந்தது. மறுபக்கம் காப்பீடு இல்லாத இருட்டு. மூன்றாவது வழியாக, அங்கேயே வாகன நிறுத்தத்தில் படுத்துவிடலாமா என்ற யோசனையும் வந்தது. அது தேசியப் பூங்கா. வண்டிக்குள் தூங்கினாலும் அது முகாமிடுவதாகவே கணக்கு, அபராதம் உண்டு. அபராதம் ஒருபுறம் இருக்கட்டும், ஆயிரக்கணக்கான பேர் வந்து போகும் இடத்தில் ஒவ்வொரு வேனும் அப்படிச் செய்தால் அந்தக் கரை என்ன ஆகும்?

பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கும் போர்ட் கேம்பல் கேரவன் பார்க்குக்கு ஃபோன் செய்தோம். பள்ளி விடுமுறை தொடங்கும் வாரக்கடைசி, இடமில்லை. அப்புறம் எதிர்த்திசையில், வந்த வழியிலேயே ஆறேழு கிலோமீட்டரில், பிரின்ஸ்டவுன் என்ற குக்கிராமத்தில் ஜெல்லிபிரான்டு ஆற்றோரம் ஒரு முகாம் மைதானம் இருப்பதாகச் செயலியில் தெரிந்தது. கரன்ட் இல்லாத இடம் இருக்கிறது, வாருங்கள் என்றார்கள். வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பினோம். அந்த ஆறேழு கிலோமீட்டரிலேயே ஒரு வளைவில் வாலபி ஒன்று குறுக்கே தாவிப் போனது. நாற்பதில் போனதால் நிதானமாகப் பிரேக் போட முடிந்தது. வண்டிக்குள் பேச்சு நின்றுபோனது. அதன்பின் பயணம் முடியும்வரை இருட்டில் ஓட்டுவது பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் விடியும் முன்பே எழுந்து, வெளிச்சம் வரக் காத்திருந்து, காட்சிமேடைக்குத் திரும்பினோம். முந்தைய மாலை கைப்பிடிச் சுவரில் தோள் இடிக்க நின்ற இடம் அது. மெல்பர்னிலிருந்து வரும் சுற்றுலாப் பேருந்துகள் மதியத்துக்கு மேல்தான் வந்து சேரும். காலையில் எங்களைத் தவிர இரண்டு மூன்று பேர். கிழக்கிலிருந்து ஏறும் வெயில் மேற்கே நிற்கும் தூண்கள் மேல் நேராக விழுந்து, சுண்ணாம்புப் பாறையின் ஒவ்வொரு அடுக்கும் தனித்தனியாகத் தெரிந்தது. பன்னிரண்டு என்று பேர் இருந்தாலும் அத்தனை தூண்கள் இருந்ததாகக் கணக்கில்லை. இருந்தவற்றிலும் ஏறத்தாழ 50 மீட்டர் உயரத் தூண் ஒன்று 2005 ஜூலையில் சில நொடிகளில் சரிந்தது. அதற்கு முன் 1990 ஜனவரியில், கொஞ்சம் மேற்கே, லண்டன் பிரிட்ஜ் என்று பேர் வைத்திருந்த இயற்கைப் பாலத்தின் கரைப்பக்க வளைவு விழுந்து, மறுமுனையில் நின்ற இருவரை ஹெலிகாப்டரில் மீட்டார்கள். வேலியைத் தாண்டி விளிம்பில் நின்று படமெடுப்பவர்களை அன்றும் பார்த்தோம். அந்தப் பாறை உறுதியானது இல்லை.

தண்ணீரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2019 ஈஸ்டர் ஞாயிறன்று இதே பகுதியில், ஷெர்புரூக் ஆற்று முகத்துவாரத்தில் அலையில் மாட்டிய சுற்றுலாப் பயணி ஒருவரை மீட்கப் போன போர்ட் கேம்பல் தன்னார்வ உயிர்காப்புக் குழுவைச் சேர்ந்த தந்தையும் மகனும் படகு கவிழ்ந்து இறந்தார்கள். சிவப்பு மஞ்சள் கொடி நட்டுக் காவல் இருக்கும் கடற்கரையில் மட்டுமே இறங்குவது என்று நாங்கள் முடிவு செய்திருந்தோம். இந்தக் கரைக்கு வரும் எந்த நண்பர் குழுவுக்கும் இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

தூரம் குறைந்தால் கரன்ட் குறையும்

பிரின்ஸ்டவுன் முடிவுக்கு ஒரு பக்க விளைவு இருந்தது, அது நாங்கள் எதிர்பாராதது. கேம்பர்வேனில் இரண்டு பேட்டரி. ஒன்று எஞ்சினுக்கு, இன்னொன்று பின்பகுதியின் விளக்கு, தண்ணீர் பம்ப், ஃபிரிட்ஜுக்கு. இரண்டாவது பேட்டரி இரண்டு வழியில் நிரம்பும்: வண்டி ஓடும்போது எஞ்சினிலிருந்து, அல்லது கேரவன் பார்க்கில் 240 வோல்ட் கம்பி போட்டு. அந்த வகைப் பேட்டரியின் கொள்ளளவில் பாதியைத்தான் கெடாமல் பயன்படுத்தலாம். இரவு முழுக்க ஃபிரிட்ஜ் ஓடியது, நான்கு ஃபோன், ஒரு கேமரா, சிங்கப்பூர் நண்பனின் லேப்டாப் என்று எல்லாம் அதிலேயே தொங்கின. மறுநாள் நாங்கள் ஓட்டியதோ அங்கங்கே நின்று நின்று சின்னச் சின்னத் தூரம். மதியம் ஃபிரிட்ஜ் பீப் அடித்து நின்றது.

டாண்டினாங் இந்தியக் கடையில் வாங்கி வந்த இட்லி மாவு அதற்குள் டப்பா மூடியைத் தள்ளிக்கொண்டு, கீழ்த்தட்டில் இருந்த முட்டை அட்டை வரை வழிந்திருந்தது. மிச்ச மாவை ஊற்றி எல்லாருக்கும் ஊத்தப்பம் போட்டோம். தயிர் புளித்துப்போய் மோர்க்குழம்பானது. இழப்பு பெரிதில்லை, ஆனால் காரணம் தெளிவாகப் பிடிபட்டது: வேனில் ஓட்டமும் கரன்ட்டும் ஒன்றோடொன்று கட்டிப்போட்டவை. நிதானமாகப் போக வேண்டும் என்று தூரத்தைக் குறைத்தால் இரவு இடத்தை அதற்கேற்ப மாற்ற வேண்டும். அதன்பின் ஓரிரவு கரன்ட் இல்லாத இடம் என்றால் அடுத்த இரவு கம்பி உள்ள இடம் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொண்டோம். கழுவிய தண்ணீர்த் தொட்டியும் கழிப்பறைப் பெட்டியும் காலியாக்க டம்ப் பாயின்ட் தேடும் வேலையும் அதே ஊரிலேயே முடிந்தது.

கடிகாரம் பின்னோக்கிப் போன ஞாயிறு

விக்டோரியாவிலும் தெற்கு ஆஸ்திரேலியாவிலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கும் கோடைநேரம் ஏப்ரல் முதல் ஞாயிறன்று முடிகிறது. அதிகாலை மூன்று மணி இரண்டு மணியாகும். தெற்கு ஆஸ்திரேலியா விக்டோரியாவைவிட அரை மணி நேரம் பின்தங்கியது. இரண்டும் எங்கள் பயணத்துக்குள்ளேயே வந்தன. விளைவு: அப்போஸ்தலர்களிடம் ஏழேகாலுக்கு மறைந்த சூரியன், சில நாள் கழித்து மவுன்ட் கேம்பியரில் ஆறுக்கு முன்பே மறைந்தது. பகலின் நீளம் ஏறக்குறைய அதேதான். ஆனால் பொழுது விடிவது ஆறரைக்கு முன்பு என்றாகிவிட்டது; காலை எட்டுக்கு எழும் பழக்கத்தில் இருந்தால் வெளிச்சத்தில் ஒன்றரை மணி நேரம் படுக்கையிலேயே போய்விடும்.

எக்செல் திட்டத்தில் "மாலை 6: வந்து சேர்தல்" என்று எல்லா நாளுக்கும் ஒரே மாதிரி இருந்ததை, இது வரப்போகிறது என்று கணக்குப் பார்த்து, போர்ட் ஃபேரிக்குப் போகும் முன்பே அழித்தோம். புது விதி இது: சூரியன் மறைவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் வண்டி நிற்க வேண்டும். எங்கே நிற்கும் என்பதை முதலில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கி, வழியில் எத்தனை இடத்துக்கு நேரம் இருக்கிறது என்று கணக்குப் போடுவது. இடம் மிஞ்சினால் விடுவது.

இதன் பலன் போர்ட் ஃபேரியிலேயே தெரிந்தது. வார்னம்பூலுக்கு மேற்கே, அணைந்த எரிமலை வாயான டவர் ஹில்லில் ஈமு நடமாடுவதைப் பார்த்துவிட்டு மதியமே அங்கே வந்து நிறுத்திவிட்டோம். டவர் ஹில்லைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். மேய்ச்சலிலும் கல் உடைத்தெடுத்ததிலும் மொட்டையாகிப்போன அந்த இடத்தில் மறுபடி மரம் நட்டபோது, ஓவியர் யூஜின் ஃபான் கெராட் 1855இல் வரைந்த ஓவியத்தைப் பார்த்துத்தான் எந்த இடத்தில் எது இருந்தது என்று முடிவு செய்தார்கள். சரி, போர்ட் ஃபேரிக்கு வருவோம். ஊரிலிருந்து நடந்தே போகக்கூடிய கிரிஃபித்ஸ் தீவில் ஷியர்வாட்டர் பறவைகள் ஆயிரக்கணக்கில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கின்றன. ஏப்ரல் நடுவில் அவை வடக்கே பசிபிக்கின் மறுகோடிக்குக் கிளம்பும் வரை, தினமும் இருட்டும் நேரத்தில் கடலிலிருந்து குஞ்சுகளுக்கு இரை கொண்டு வரும். வண்டி நின்றுவிட்டதால் எங்களுக்கு அவசரம் இல்லை. டார்ச் அடிக்காமல், பாதையை விட்டு விலகாமல், இருட்டில் அவை தலைக்கு மேலே வேகமாக வந்து புதருக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பழைய திட்டப்படி அந்த நேரத்தில் போர்ட்லண்டை நோக்கி ஓட்டிக்கொண்டிருப்போம்.

எல்லையும் தக்காளியும்

தெற்கு ஆஸ்திரேலியா பழ ஈக்கு எதிராகக் கடுமையாகக் காவல் காக்கிற மாநிலம். பழங்களோடு தக்காளி, மிளகாய், குடைமிளகாய் போன்ற காய்களையும் எல்லை தாண்டிக் கொண்டு போகக் கூடாது, பிடிபட்டால் அபராதம். அங்குள்ள தோட்டக்காரர்களின் பிழைப்பு இதில் இருக்கிறது. நம் சமையலில் தக்காளியும் பச்சைமிளகாயும் இல்லாமல் என்ன செய்வது? சமைத்துவிட்டால் தடை இல்லை. போர்ட்லண்டில் இரவு மிச்சமிருந்த தக்காளி, மிளகாய் எல்லாவற்றையும் நறுக்கி, நல்லெண்ணெய் விட்டுத் தொக்காக வதக்கிப் பாட்டிலில் அடைத்தோம். ஆப்பிளைத் தின்று தீர்த்தோம். எல்லை தாண்டிய பிறகு ரோப் வரை அந்தத் தொக்குதான் ரொட்டிக்கும் சோற்றுக்கும்.

போர்ட்லண்டுக்கு வடக்கே இருக்கும் புட்ஜ் பிம்முக்கு அரை நாள் ஒதுக்க முடிந்ததும் புதுத் திட்டத்தால்தான். குண்டிட்ஜ்மாரா மக்கள் எரிமலைப் பாறைகளை அடுக்கிக் கால்வாயும் தடுப்பும் கட்டி விலாங்கு வளர்த்த இடம். 6,600 ஆண்டுகள் பழமை கொண்டது. 2019இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பழங்குடி மக்களின் பண்பாட்டு மதிப்புக்காக மட்டுமே ஆஸ்திரேலியாவிலிருந்து சேர்க்கப்பட்ட முதல் இடம் இது. கடற்கரையில் பாறைத்தூண்களுக்கு வரும் கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்கு இங்கே வந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்குப் பட்டது.

மேற்குப் பாதி

இதற்குப் பின் பயணம் திட்டத்தோடு ஒட்டியே போனது, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். மவுன்ட் கேம்பியரின் நீல ஏரி கோடையில்தான் அந்த ஆழ்ந்த நீலத்தில் இருக்கும். ஏப்ரலில் நிறம் மங்கத் தொடங்கியிருந்தது. ரோப்பில் லாங் பீச் மணலில் உள்ளூர்க் கார்கள் ஓடுவதைப் பார்த்து எங்களுக்கும் ஆசை வந்தது, ஒப்பந்தத்தை நினைத்துச் சாலையிலேயே நிறுத்தி நடந்தோம். விக்டோரியா 1855இல் சீனர்கள் மேல் பத்துப் பவுண்டு தலைவரி போட்டபோது, அதைத் தவிர்க்க ஆயிரக்கணக்கான சீனர்கள் இந்த ரோப்பில் வந்திறங்கி, தங்கவயல்களுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே போனார்கள்.

கிங்ஸ்டனுக்கும் மெனிங்கீக்கும் இடையே ஏறத்தாழ 145 கிலோமீட்டர், கூரோங்கை ஒட்டி. நடுவில் சால்ட் கிரீக் தவிர ஊர் என்று சொல்ல ஒன்றும் இல்லை, ஃபோன் சிக்னலும் விட்டு விட்டுத்தான். தேசியப் பூங்காவின் முகாம் இடங்களை இணையத்தில்தான் பதிவு செய்ய வேண்டும்; சிக்னல் இருக்கும்போதே கிங்ஸ்டனில் செய்துவிட்டோம். டீசலும் அங்கேயே நிரப்பினோம். வெலிங்டனில் மர்ரே ஆற்றை இலவசக் கேபிள் படகில் வேனோடு கடந்தோம். அடிலெய்டுக்குள் இறங்கும் தென்கிழக்கு நெடுஞ்சாலையின் நீண்ட சரிவில் லாரிகளும் பேருந்துகளும் தாழ்ந்த கியரில், 60க்கு மேல் போகாமல் இறங்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் வேன் அந்தச் சட்டத்துக்குள் வராது என்றாலும் நாங்களும் அப்படியே இறங்கினோம். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறி வேலை செய்யாமல் போகும் என்பது எல்லா வண்டிக்கும் பொருந்தும்.

பணமும் வேலைப் பங்கீடும்

செலவில் முதலிடம் வண்டி வாடகைக்கும், வேறு ஊரில் விடுவதற்கான கட்டணத்துக்கும். அடுத்தது கேரவன் பார்க்குகள். பெரும்பாலும் இரண்டு பேருக்கு ஒரு விலை, கூடுதல் ஆளுக்குத் தனி. டீசல் மூன்றாவதுதான்: நூறு கிலோமீட்டருக்குப் பதின்மூன்று லிட்டர் அளவில் குடித்தது. வார்னம்பூலில் விட்ட ஓரிரவுப் பணம் மொத்தத்தில் கண்ணுக்கே தெரியாத தொகை. அந்த மாலையில் அதைப் பெரிதாக நினைத்து ஓட்டியிருந்தால் விலை வேறாக இருந்திருக்கும். அதனால்தான், ரத்து செய்தால் பணம் திரும்பும் இடங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் கொடுப்பது தகும் என்று இப்போது சொல்கிறேன். இருட்டும் நேரத்தில் முடிவெடுக்கும்போது கட்டிய பணம் மனத்தை இழுக்கக் கூடாது.

வேலைகளைப் பொறுத்தவரை, சமையலும் ஓட்டுவதும் தானாகவே பிரிந்துவிட்டன. கழிப்பறைப் பெட்டியைக் காலி செய்வதை மட்டும் முதல் நாளே முறைவைத்து எழுதி ஒட்டினோம். நண்பர்களுக்குள் மனத்தாங்கல் வருவதற்கு இந்த ஒரு வேலை போதும். எழுதி ஒட்டியதால் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் முன் தொட்டிகளைக் காலி செய்து, டீசல் நிரப்பி ரசீதை வைத்துக்கொண்டு, கூரை முதல் சக்கரம் வரை படமெடுத்தோம். எடுக்கும்போது எடுத்த படங்களும் இருந்ததால், பின் பம்பரில் முன்பே இருந்த கீறலைப் பற்றிக் கேள்வி வந்தபோது பேச்சு ஒரு நிமிடத்தில் முடிந்தது. டெபாசிட் முழுதாகத் திரும்பி வந்தது.

அடுத்து இதே நான்கு பேர் சிடூனாவிலிருந்து நார்ஸ்மன் வரை நல்லர்பார் சமவெளியைக் கடக்கப் போகிறோம். கிட்டத்தட்ட 1,200 கிலோமீட்டர். கைகுனாவுக்கும் பலடோனியாவுக்கும் நடுவே 146.6 கிலோமீட்டர் ஒரு வளைவுகூட இல்லாத சாலை. எக்செல்லை சிங்கப்பூர் நண்பன்தான் மறுபடியும் போட்டிருக்கிறான். முதல் பத்தியில் இரவு தங்கும் ரோடுஹவுஸ் (நெடுஞ்சாலையோர விடுதி), இரண்டாவதில் அந்த இடத்தில் சூரியன் மறையும் நேரம், மூன்றாவதில் கரன்ட் உண்டா இல்லையா. யூக்ளா பக்கம் சில ஊர்கள் மட்டும் மேற்கு ஆஸ்திரேலிய நேரத்தைவிட முக்கால் மணி நேரம் முன்னே போகும் தனிக் கடிகாரம் வைத்திருப்பதால், அந்த இரவுகளுக்கு மட்டும் நேரத்தைச் சிவப்பில் எழுதியிருக்கிறான். பார்க்க வேண்டிய இடங்கள் கடைசிப் பத்திக்குப் போய்விட்டன. மேற்கு ஆஸ்திரேலிய எல்லையில் காய்கறியோடு தேனையும் வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால் சமையல்காரன் தன் பட்டியலைத் தனியாக எழுதிக்கொண்டிருக்கிறான். யூக்ளாவில் இடம் கிடைத்துவிட்டது. பலடோனியாவுக்கு இந்த வாரம் ஃபோன் செய்ய வேண்டும்.